கண்ணாடிக்குப் பின்பக்கம் வரைவது: ஏற்காட்டில் ஆறு வருடச் சோதனைகளும் இரண்டு கேள்விகளும்

மலைப்பாதை எழுதியது:

வணக்கம். போன மாதம் வேறொரு இழையில் ஒருவர், "நன்றாகத்தானே கித்தானில் (கேன்வாஸில்) வரைந்துகொண்டிருந்தீர்கள், எதற்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, அதனால் தனி இழை. நீளமாகத்தான் இருக்கும். கடைசியில் எனக்கும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

சேலம் அம்மாபேட்டையில் வளர்ந்தவன் நான், இப்போது ஏற்காட்டில் வாடகை வீட்டில் இருந்து வரைகிறேன். பாட்டி வீட்டுப் பூஜையறையில் ஒரு கிருஷ்ணர் படம் இருந்தது, வெண்ணெய்த் தாழியோடு உட்கார்ந்திருப்பார். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம். (பலகையில் துணி ஒட்டித் தங்கத் தாளும் கல்லும் பதிக்கிற தஞ்சாவூர் ஓவியம் வேறு, பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.) விளக்கு ஏற்றியதும் கிருஷ்ணரின் உடம்பு அப்படியே அமைதியாக இருக்கும், நகைகள் மட்டும் மினுக்மினுக்கென்று அசையும். எப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படங்களை இறக்கினார்கள், ஆணி கழன்றிருந்ததால் மாமா பின்னட்டையைப் பிரித்தார். எட்டிப் பார்த்தால் பின்னால் கிருஷ்ணரே இல்லை. ஒரு நீலத் திட்டு, ஒரு சிவப்புத் திட்டு, திரைச்சீலை இருந்த இடத்தில் பச்சைத் திட்டு, அவ்வளவுதான். கழுத்திலும் இடுப்பிலும் நகை வரவேண்டிய இடத்தில் வண்ணமே இல்லை, கண்ணாடி வெறுமையாக இருந்தது, அதற்குப் பின்னால் கசக்கி விரித்த மெல்லிய தகடு. இத்தனை நாள் விளக்கொளியில் அசைந்தது அந்தக் கசங்கல்தான்.

கண்ணாடி ஓவியத்தில் எல்லாமே தலைகீழ் வரிசை. சிற்பியானாலும் சரி, ஓவியரானாலும் சரி, கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நம் பழக்கம். கண்ணாடியில் கண்ணைத்தான் முதலில் திறக்க வேண்டும். இமைக்கோடு, கருவிழி, புருவம், நகையின் முத்து வரிசை, இதெல்லாம் முதலில். அப்புறம் கன்னத்தின் நிழல். அதற்கு மேல் உடம்பின் நிறம். எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசியாக, சுவரும் வானமும். வலது கை இடது கையாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் நிறத்தைப் பூசிய பிறகு கண் சரியில்லை என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான். கித்தானில் நான் பத்து வருடம் மேலே மேலே பூசித் திருத்தியே பழகியவன். கண்ணாடியில் முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டியிருந்தது, என்னைப் பிடித்து இழுத்தது அதுதான்.

யாருடைய பாதிப்பு என்று கேட்டால், கோட்டைப் பொறுத்தவரை சென்னை ஓவியர்கள் சந்தானராஜும் ஆதிமூலமும். கல்லூரி நாட்களில் சோழமண்டலம் போய் (கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய அதே கலைஞர் கிராமம்தான்) நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். வெளிநாட்டில் என்றால் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோ. அவருடைய முகங்களைச் சுற்றி ஏன் அவ்வளவு தடித்த கறுப்புக் கோடு என்று ரொம்ப நாள் யோசித்தேன். 1885-ல் பதினான்கு வயசில் அவர் தேவாலயச் சன்னல் கண்ணாடிப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் என்று படித்தபோதுதான் புரிந்தது. கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப் பட்டைதான் அந்தக் கறுப்புக் கோடு! பட்டறையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அவர் கை ஈயத்தை மறக்கவில்லை.

இன்னொன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் வாலி வதைச் சிற்பம் பார்த்திருப்பீர்கள். ராமர் நிற்கிற இடத்தில் இருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கிற இடத்தில் இருந்து ராமர் தெரியமாட்டார். ஒரு பக்கத்துக்குத் தெரிவது மறுபக்கத்துக்குத் தெரியாமல் இருப்பதே அந்தச் சிற்பத்தின் விஷயம். என் கண்ணாடி வேலை எல்லாம் அந்தத் தூணடியில் இருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

செய்த சோதனைகள்:

முதல் இரண்டு வருடம் சாதாரண எனாமல் பெயிண்ட், பின்பக்கம் வரைவது. அப்புறம் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இருந்து பழைய வீட்டுக் கதவு, சன்னல்களின் வண்ணக் கண்ணாடி வாங்கி வந்து வெட்டி, ஓரத்தில் செம்புத் தாள் ஒட்டி, ஈய-வெள்ளீயப் பற்றால் (சால்டர்) இணைத்தேன். மூன்றாவதாக, மலையில் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய செம்மண்ணைத் துணியில் சலித்து, கண்ணாடியை அரைத்த பொடியோடு குழைத்துப் பூசிச் சின்ன மின்சூளையில் சுட்டேன். 620 டிகிரியில் மண் அப்படியே தூளாக நின்றது, விரலால் தடவினால் போய்விட்டது. சன்னல் கண்ணாடிப் பொடி அந்தச் சூட்டில் உருகாது, சீக்கிரம் உருகுகிற எனாமல் பொடி (பெயிண்ட் இல்லை, சூளையில் உருகும் கண்ணாடிப் பொடி) சேர்த்தால்தான் பிடிக்கும் என்பது ஆறேழு தடவை தோற்ற பிறகு தெரிந்தது. சேர்த்ததும் டிகாஷன் நிறத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. சேர்வராயன் மலையின் இரும்பு அது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

பாட்டில் கண்ணாடித் துண்டையும் சன்னல் கண்ணாடியையும் சேர்த்து உருக்கியதில் மட்டும் தோல்விதான். சூளையில் இருந்து எடுத்தபோது அழகாக இருந்தது. எட்டு நாள் கழித்து நடுராத்திரியில் 'டிக்' என்று சத்தம், காலையில் பார்த்தால் குறுக்கே விரிசல். ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் வேறு வேறு அளவு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு கிடந்து ஒருநாள் விட்டுவிடும்.

இப்போது கேள்விகள். ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் எனாமல் வேலைகள் உரிகின்றன, கண்ணாடிக்கும் வண்ணத்துக்கும் நடுவே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. என்ன செய்யலாம்? இரண்டு, வெள்ளிச் சாயம் முயற்சி செய்கிறேன் (வெள்ளி உப்பைக் காவியில் குழைத்துப் பூசிச் சுட்டால் கண்ணாடியே மஞ்சளாகும், ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில் இருந்து செய்கிறார்கள்). ஒரே குழம்பு, ஒரே சூடு, ஒரே கண்ணாடியில் வெட்டிய இரண்டு துண்டு. ஒன்று எலுமிச்சை மஞ்சளாக வந்தது, இன்னொன்று வெல்லப்பாகு மாதிரி கறுத்துவிட்டது. ஏன்?

ஃபிரேம்கடை எழுதியது:

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், முப்பது வருடமாகச் சட்டம் போடுகிறேன். பின்னட்டையை வண்ணத்தோடு ஒட்டி அழுத்தி ஆணி அடிக்கிறீர்களா? அங்கேதான் தப்பு. அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயில் வந்ததும் வண்ணத்துப் பக்கமே விடும். ஓரத்தில் மெல்லிய மரச் சக்கை வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மலையில் வெளிச்சுவர் மழைக்காலம் முழுக்கக் குளிர்ந்தே இருக்கும், உள்சுவரில் மாட்டுங்கள். அப்புறம், வரைவதற்கு முன் கண்ணாடியை நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகு விரல் படக்கூடாது. உரிந்த இடங்களை உற்றுப் பாருங்கள், பாதிக்கு மேல் விரல் ரேகை இருந்த இடமாக இருக்கும்.

பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: உரிய ஆரம்பித்த பழைய தஞ்சாவூர்க் கண்ணாடிப் படத்தைச் சட்டத்தில் இருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள். வண்ணம் அட்டையோடு வந்துவிடும். என் கண் முன்னாலேயே ஒரு அம்மன் முகம் அப்படிப் போயிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: உங்கள் கண்ணாடி ஃப்ளோட் கண்ணாடிதானே? அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றில்லை. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது அது, 1959-ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறை, இப்போது கடையில் கிடைக்கிற சன்னல் கண்ணாடி பெரும்பாலும் அப்படித்தான். கீழ்ப்பக்கத்தில் வெள்ளீயம் கொஞ்சம் ஏறியிருக்கும், அந்தப் பக்கத்தில் வெள்ளி அதிகமாகப் பிடித்துக் கறுக்கும். ஒரு துண்டை ஒரு பக்கமும் இன்னொன்றை மறுபக்கமும் பூசியிருப்பீர்கள்.

மலைப்பாதை எழுதியது:

அண்ணா, இதற்காகத்தான் மூன்று மாதம் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்! பூச்சின் கனம், காவி, சூடு எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன், பக்கத்தை மட்டும் யோசிக்கவே இல்லை. எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரூபாய் நோட்டுப் பார்க்கிற விளக்கு போதுமா?

ஃபிரேம்கடை எழுதியது:

போதாது தம்பி. நோட்டு விளக்கு நீண்ட அலைப் புற ஊதா. வெள்ளீயப் பக்கம் பால் மாதிரி மங்கலாக ஒளிர வேண்டும் என்றால் குறுகிய அலை வேண்டும், 254 நானோமீட்டர். கண்ணாடிப் பட்டறைகளுக்கு என்றே கைவிளக்காக விற்கிறார்கள். அந்த ஒளியை நேராகப் பார்க்கக்கூடாது, தோலிலும் படக்கூடாது. இருட்டில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்ததும் மூலையில் குறி போட்டுவிடுங்கள்.

எழுதுகோல் எழுதியது:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. இதெல்லாம் கைவினைதானே? சூளைச் சூடு, வெள்ளீயப் பக்கம், அட்டை இடைவெளி என்றுதான் பேச்சு போகிறது. ஓவியன் என்ன பார்த்தான், என்ன சொல்ல வருகிறான் என்பது எங்கே? கண்ணாடி ஓவியம் பூஜையறைக்கு என்று ஒரு மரபாக வந்தது, அங்கேயே இருப்பதில் என்ன குறை? நல்ல ஓவியர் ஒருவர் பொருளின் பின்னால் போய்விடுவாரோ என்ற கவலையில்தான் கேட்கிறேன்.

ஓவிய_ஆசிரியை எழுதியது:

கவலை நியாயம்தான், ஆனால் அந்தப் பிரிவினை சரியில்லை. சேலத்தில் பள்ளி மாணவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

பூஜையறை மரபு என்கிறீர்கள், அதுவே ஒரு சோதனையில் பிறந்ததுதான். கண்ணாடிக்குப் பின் வரையும் முறை 18-ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தோடு நம் கரைக்கு வந்தது. தஞ்சையில் மராட்டியர் காலத்தில், இரண்டாம் சரபோஜி காலத்தை ஒட்டி, நம் ஓவியர்கள் அதை எடுத்து ராமர் பட்டாபிஷேகமும் கிருஷ்ணரும் வரைந்தார்கள். சீனத்து முறை, மராட்டியர் ஆதரவு, தமிழ்நாட்டுத் தெய்வம். அன்றைக்கு யாராவது "இது நம் வேலை இல்லை" என்று சொல்லியிருந்தால் மலைப்பாதையின் பாட்டி வீட்டுக் கிருஷ்ணர் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜெர்மனியின் பவேரியாவில் முர்னாவ் ஊரில் கிராமத்துக் கைவினைஞர்கள் கண்ணாடிக்குப் பின்னால் புனிதர்களை வரைந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1909-ஐ ஒட்டி ஓவியர்கள் கேப்ரியேல மூன்டரும் கான்டின்ஸ்கியும் அங்கே தங்கி அந்த வேலையைக் கற்றார்கள். மூன்டரின் ஓவியங்களில் தட்டையான நிறமும் அழுத்தமான வெளிக்கோடும் அதற்கப்புறம் எப்படி மாறின என்று பாருங்கள். அதற்குச் சில வருடம் முன்பே ஓவியர் பால் க்ளீ கண்ணாடியைக் கறுப்பாக்கி ஊசியால் கீறி வரைந்தவர்.

சன்னல் கண்ணாடியில் ஓவியர் ஷகால் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் ஜெருசலேம் ஹடாசா மருத்துவமனைத் தொழுகைக்கூடத்துக்குப் பன்னிரண்டு சன்னல்கள். நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஈயக் கோடு வருவது அவருக்கு இடைஞ்சல். பிரான்சின் ரான்ஸ் ஊர்ப் பட்டறையில் கண்ணாடிக் கலைஞர் ஷார்ல் மார்க், வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய நிறத் தோல் போர்த்திய கண்ணாடியை எடுத்து, அந்தத் தோலை அமிலத்தால் அரித்து, ஒரே துண்டில் அடர்த்தியில் இருந்து வெளிறல் வரை கொண்டுவந்து கொடுத்தார். அந்த அமில வேலை இல்லாமல் ஷகாலின் அந்த நீலம் இல்லை. எது கைவினை, எது பார்வை என்று அங்கே கோடு கிழித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

மலைப்பாதைக்கு ஒன்று: கித்தானை விட்டுவிட்டதாக எழுதாதீர்கள். இந்த வருடம் நீங்கள் வரைந்த கித்தான்களைப் பார்த்தேன். முதல் கோடு தயங்காமல் விழுந்திருக்கிறது. முன்பு நீங்கள் அப்படி வரைந்ததில்லை.

எழுதுகோல் எழுதியது:

ஷகால் விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்க வைக்கிறது. "கைவினைதானே" என்று எழுதியதை விலக்கிக்கொள்கிறேன் டீச்சர்.

காபித்தோட்டம் எழுதியது:

ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், தொழில்நுட்பம் தெரியாது. எங்கள் பழைய வீட்டுக் கதவுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி உண்டு. கீழே சேலத்தில் வெயில் நேராக அடிக்கும், வண்ணம் தரையில் கோலம் மாதிரி விழும். எங்கள் வீட்டில் விழாது. நாலு மணிக்கு மஞ்சு இறங்கி சில்வர் ஓக் மரங்களை மறைத்துவிடும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது, கண்ணாடி மட்டும் தானாக எரிவது போல இருக்கும். இருட்ட இருட்டச் சிவப்புதான் முதலில் கறுத்துப் போகும். நீலம் கடைசி வரை நிற்கும். சின்ன வயசில் அதை "நீலம் தூங்காது" என்று சொல்வோம்.

மலைப்பாதையின் சன்னல் வேலையில் சிவப்பு அதிகம். அது சேலத்து வெயிலுக்குச் செய்தது போல இருக்கிறது. இங்கே மாட்டினால் ஐந்தரை மணிக்கு முகமே இருட்டிவிடாதா?

மலைப்பாதை எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் சன்னல் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தே காலுக்குச் சிவப்பு பழுப்பாகிவிட்டது, ஐந்து நாற்பதுக்குக் கறுப்பு. நீலம் அப்போதும் இருந்தது. வெளிச்சம் குறையும்போது நம் கண் சிவப்பை முதலில் இழக்கும், நீலத்தைக் கடைசியில். இது பாடமாகத் தெரிந்ததுதான், ஆனால் என் சன்னலில் வைத்துப் பார்த்ததே இல்லை. ஆறு வருடமாக இந்த மலையில் இருந்துகொண்டு, மின்விளக்குப் பெட்டியின் மேல் கண்ணாடியை வைத்து நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வான்ஸ் ஊர்ச் சிற்றாலயத்துக்குச் செய்த சன்னல்களில் (1951) மூன்றே நிறம், மஞ்சள், பச்சை, நீலம். சிவப்பே கிடையாது. அதிலும் மஞ்சளை மட்டும் வெளியே எதுவும் தெரியாதபடி மங்கலாக்கிவிட்டு, நீலத்தையும் பச்சையையும் தெளிவாக விட்டார். அது தென் பிரான்சு வெயிலுக்கு. நம் மஞ்சுக்கு எது என்று இனிமேல் சன்னலிலேயே மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறேன், காலை ஏழு, மதியம், சாயங்காலம் ஐந்தரை என்று மூன்று வேளையும். முகத்துக்கு நீலமும் வெள்ளி மஞ்சளும். சிவப்பு ஓரத்துக்குப் போகட்டும்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை எழுதியது:

தாமதமாக வருகிறேன், எங்களுடையது கொலுசுப் பட்டறை. வெள்ளி என்று பார்த்ததும் நின்றுவிட்டேன்.

வெள்ளி உப்பு எங்கே வாங்குகிறீர்கள்? பட்டறை வெட்டுத்துண்டைக் கரைத்துச் செய்ததாக இருந்தால் அதில் செம்பு இருக்கும், கொலுசு வெள்ளி சுத்த வெள்ளி இல்லை. நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் நீர் பச்சை நீலமாக வரும், அதுதான் அடையாளம். அந்த நீரில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் வெள்ளி மட்டும் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி தகட்டின் மேல் வந்து படியும், பார்க்கவே அழகாக இருக்கும், செம்பு நீரிலேயே தங்கிவிடும். பஞ்சை நீலம் போகிறவரை கழுவி எடுத்தால் வெள்ளி. அமிலப் புகை நுரையீரலுக்குக் கேடு, வீட்டில் செய்யவே வேண்டாம். வெள்ளி கரைந்த நீர் கையில் பட்டால் மறுநாள் கறுக்கும், தோல் உரிகிறவரை போகாது.

இன்னொன்று கேட்கிறேன். கண்ணாடித் துண்டுகளைச் சேர்க்க எங்கள் வெள்ளிப் பற்றும் வெண்காரமும் வேலைக்கு ஆகுமா? ஈயத்தை விட உறுதியாக இருக்குமே.

மலைப்பாதை எழுதியது:

கண்ணாடி தாங்காதுங்க. உங்கள் பற்று உருக 700 டிகிரிக்குப் பக்கம் வேண்டும், ஊதுகுழல் பட்ட இடத்தில் கண்ணாடி தெறித்துவிடும். ஈய-வெள்ளீயப் பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும், செம்புத் தாளில் மட்டும் ஓடும், கண்ணாடிக்குச் சூடு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். வெண்காரமும் அந்தக் குறைந்த சூட்டுக்கு உதவாது. ஈயம் என்பதால் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் முக்கியம்.

நான் வாங்கியது ஆய்வகக் கடை உப்பு. ஆனால் நம் ஊர் வெள்ளியில் ஒரு முகம் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மண் மலையுடையது, வெள்ளி செவ்வாய்ப்பேட்டையுடையது.

ஃபிரேம்கடை அண்ணா சொன்னபடி குறுகிய அலை விளக்கு வாங்கிப் பக்கம் பார்த்து, நேற்று மூன்று துண்டு சுட்டேன். வெள்ளீயம் இல்லாத பக்கம் பூசிய மூன்றுமே ஒரே மஞ்சள். காவியைக் கழுவும்போது முதலில் ஒன்றுமே தெரியாது, செங்கல் தூள்தான் ஓடும். ஈரத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் உள்ளே இருந்து மஞ்சள் வருகிறது. மேலே பூசியது மாதிரி இல்லை, நகத்தால் சுரண்டினாலும் ஒன்றும் வராது, கண்ணாடியே அந்த நிறம். பாட்டியின் கிருஷ்ணரில் வண்ணம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. இது கண்ணாடிக்கு உள்ளே.

ஓவிய_ஆசிரியை எழுதியது:

அந்த மூன்றில் ஒன்றை என் வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் பிடித்துச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்கட்டும். உடைந்தால் பரவாயில்லை என்கிற துண்டாகக் கொடுங்கள். பிரெஞ்சுக் கலைஞர் துஷாம் எட்டு வருடம் வேலை செய்த 'பெரிய கண்ணாடி' என்ற படைப்பே 1926-27 கண்காட்சி முடிந்து வரும் வழியில் உடைந்தது. அவர் துண்டுகளைப் பொறுமையாகச் சேர்த்து, விரிசலோடேயே வைத்துக்கொண்டார்.

மலைப்பாதை எழுதியது:

கட்டாயம் டீச்சர். மூன்றையுமே கொண்டுவருகிறேன், கறுத்துப்போன வெல்லப்பாகுத் துண்டையும் சேர்த்து. இரண்டு பக்கமும் எப்படி என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை எழுதியது:

மலைப்பாதை, கழுவிய வெள்ளிப் பொடி ஐந்து கிராம் எடுத்து வைக்கிறேன். அமில வேலையை எங்கள் ஆளே புகைபோக்கி அடியில் செய்து உப்பாகவே தந்துவிடுவார், நீங்கள் தொட வேண்டாம். கறுப்பு பாட்டில் ஒன்று கொண்டுவாருங்கள், வெளிச்சம் பட்டால் உப்பு கெட்டுவிடும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வாங்க, அதற்கு முன் பட்டறையில் உட்கார இடம் இருக்காது.